ரெண்டாவது தடவை போனால்தான் தெரியும்

ஒரு சிறு நகரத்தின் சுகாதார வாரியத்தில் ஆய்வாளராகப் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஒரு வரியில் சொல்ல முடிந்ததே இல்லை. காலையில் தண்ணீர்த் தொட்டி, பத்து மணிக்கு ஒரு உணவகத்தின் சமையலறை, மதியம் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு நடுவே ஓடும் கழிவுநீர், சாயங்காலம் வாரியக் கூட்டம். இதற்கு நடுவில் யாரையாவது நாய் கடித்திருக்கும். பெரிய நகரம் என்றால் இதற்கெல்லாம் தனித்தனிப் பிரிவு இருக்கும். சிறு நகரத்தில் ஒரே ஆள், தோளில் ஒரே பை.

அந்தப் பையில் இருந்தவை: டார்ச், உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி, குளோரின் அளவு பார்க்கும் சின்ன டப்பா, ஒரு பொட்டலம் சாயப் பொடி, பென்சில், புகார்ப் பதிவேடு. வேலையில் சேர்ந்த அன்று எனக்கு முன்பிருந்த மூத்த ஆய்வாளர் பையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இங்க பாரும்மா, முதல் தடவை போனா அவங்க காட்டுறதப் பாப்ப. ரெண்டாவது தடவை போனாத்தான் இருக்கிறதப் பாப்ப." ஓய்வு பெறப்போகிறவர்கள் சொல்லும் வாசகம் என்று நினைத்துத் தலையாட்டி வைத்தேன். அது வாசகமே இல்லை, வேலை முறை என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

புரிய வைத்தது தண்ணீர்தான்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் போடுவது எல்லோருக்கும் தெரியும். போட்டதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். தண்ணீரில் இருக்கும் அழுக்கையும் கிருமியையும் சந்தித்துச் செலவானது போக மீதி நிற்பதுதான் குழாயில் போகும் வழியெல்லாம் காவலுக்கு இருக்கும். குளோரின் கலந்து அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது நிற்க வேண்டும், வீட்டுக் குழாயில் 0.2க்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பார்ப்பது சுலபம். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, ஒரு மாத்திரையை நசுக்கிப் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். டப்பாவில் இருக்கும் நிறப் பட்டையோடு ஒப்பிட்டு எண்ணை எழுதிக்கொள்ளலாம். நிறமே வராவிட்டால் காவல் இல்லை.

தொட்டி ஆபரேட்டரின் பதிவேடு மாதத்துக்கு ஒருமுறை என் மேசைக்கு வரும். 0.5, 0.5, 0.5, நடுவில் ஒரு 0.6, மறுபடி 0.5. அழகாக இருக்கும். ஒன்றரை வருஷம் அதில் கையெழுத்துப் போட்டேன், எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு மழைக்காலத்தில் மோட்டார் எரிந்து இரண்டு நாள் பம்ப் ஓடவில்லை. தொட்டி காலி. அந்த மாதப் பதிவேடு வந்தபோது அந்த இரண்டு நாளுக்கும் 0.5 என்று இருந்தது. இல்லாத தண்ணீரில் குளோரின்.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒரு வாரத்தின் ஏழு வரியும் ஒரே அழுத்தத்தில், ஒரே சாய்வில், ஒரே மையில் இருந்தன. ஏழு நாள் ஏழு வேளையில் எழுதினால் அப்படி வராது. ஒரு நாளாவது பேனா தேய்ந்திருக்கும், ஈரக் கை பட்டிருக்கும், வேறு பேனா எடுத்திருப்பார். உட்கார்ந்த இடத்தில் மொத்தமாக எழுதியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. "இனிமே சரியா எழுதணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் தடவை அவ்வளவுதான் நடந்தது.

ரெண்டாவது தடவை மூன்று நாள் கழித்துப் போனேன். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. "அண்ணே, நீங்களே ஒரு தடவை பண்ணிக் காட்டுங்க" என்றேன். அவர் டப்பாவைத் திறந்தார். மாத்திரைப் பட்டை காலி. "தீந்து மூணு மாசம் ஆச்சு மேடம். ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன், வரல. கட்டத்தை வெறுமையா விட்டா ஏன் விட்டேன்னு கேப்பாங்க."

அந்தக் கோரிக்கைச் சீட்டுகள் இரண்டும் எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தன. என் மேசையிலிருந்து நாலு அடி தள்ளி இருந்த கோப்புக் கட்டில்.

இந்த விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கனடாவின் வாக்கர்டனைச் சொல்லலாம். ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் ஐயாயிரம் பேர் வாழும் ஊர். 2000 மே மாதம் பலத்த மழையில், ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் மாட்டுச் சாணத்தில் இருந்த ஈ.கோலை கிருமி இறங்கிவிட்டது. 2,300 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள், ஏழு பேர் இறந்தார்கள். பிறகு நடந்த விசாரணையில், குளோரின் அளவைப் பார்க்காமலே 0.5, 0.75 என்று வருஷக்கணக்கில் பதிவேட்டில் எழுதி வந்தது தெரிந்தது. வயிற்றுப்போக்கு பரவுவதைக் கண்ட சுகாதாரத் துறையினர் குடிநீர் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டபோது, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. தண்ணீர் கெட்டிருக்கிறது என்ற ஆய்வக முடிவு அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்தது. இந்த அறிக்கையைப் படித்த நாள் முதல், தண்ணீரைப் பற்றி நான் போனில் கேட்பதே இல்லை. குப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

எங்கள் ஊரில் நாங்கள் செய்த மாற்றம் ரொம்பச் சின்னது. பதிவேட்டில் இன்னொரு கட்டம் சேர்த்தோம்: "பார்க்கவில்லை, காரணம்." அந்தக் கட்டத்தை நிரப்பியதற்காக யாரையும் கேள்வி கேட்கக் கூடாது என்று வாரியத்தில் தீர்மானம் போட வைத்தேன். அதற்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. ஒரு உறுப்பினர், "அப்புறம் எல்லாரும் பார்க்கவில்லைன்னே எழுதிடுவாங்களே" என்றார். எழுதட்டும். பார்க்கவில்லை என்று தெரிந்தால் நான் போய்ப் பார்த்துக்கொள்வேன். பொய்யாக ஒரு 0.5 இருந்தால் நான் போகவே மாட்டேனே.

இன்னொன்று, எங்கே பார்க்கிறோம் என்பது. தொட்டிக்கு அடியில் இருக்கும் குழாயில் எப்போதும் நல்ல நிறம் வரும். வரிசையின் கடைசி வீட்டில் பார்க்க வேண்டும். தண்ணீர் போய்ச் சேர அதிக நேரம் ஆவது அங்கேதான், உடைந்த குழாய்கள் எல்லாம் வழியில் இருப்பதும் அதற்கு முன்னால்தான். நான் கடைசித் தெருவில் மூன்று வீடுகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போவேன். சொல்லாமல் போவேன்.

சமையலறைகளுக்கு வருகிறேன். உணவக ஆய்வு என்றால் அடுப்படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொள்வது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் முதலில் போவது கை கழுவும் தொட்டிக்கு. குழாய் இருக்கிறதா, துண்டு இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். சோப்பைப் பார்ப்பேன். ஒரு உணவகத்தில் சோப்பு புத்தம் புதிதாக இருந்தது. கம்பெனி பெயர் எழுத்து எழுத்தாக விளிம்பு மழுங்காமல் நின்றது, கீழே தட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க" என்றேன். முதலாளிக்குச் சந்தோஷம். பத்து நாள் கழித்து மதியக் கூட்ட நேரத்தில் போனேன். அதே சோப்பு, அதே எழுத்து. ஆறு பேர் அங்கே சமைக்கிறார்கள், பரிமாறுகிறார்கள், பத்து நாளாக ஒரு எழுத்துகூட அழியவில்லை.

அபராதம் போடத்தான் போனேன். நின்று கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. கை கழுவும் தொட்டிக்கும் வேலை செய்யும் மேடைக்கும் நடுவில் எரிவாயு உருளைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கூட்ட நேரத்தில் யார் சுற்றுவார்கள்? உருளைகளை வெளியே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கொடுத்தேன். அடுத்த தடவை சோப்பு பாதியாகக் கரைந்து தட்டில் வழவழவென்று கிடந்தது. அதைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

வெப்பமானி பற்றி ஒரு வார்த்தை. ஐஸ் கட்டியும் தண்ணீரும் கலந்த டம்ளரில் குத்தினால் 0 காட்ட வேண்டும். காட்டாத வெப்பமானியை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாடக் கூடாது. நான் ஒருமுறை மூன்று டிகிரி தப்பாகக் காட்டும் கருவியோடு போய் ஒரு குளிர்பெட்டியைக் குறை சொல்லி, முதலாளி தன் கருவியைக் கொண்டுவந்து காட்டி, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அன்றிலிருந்து தினமும் காலையில் ஐஸ் டம்ளர்தான். 5 டிகிரிக்குக் கீழே அல்லது 60 டிகிரிக்கு மேலே, நடுவில் உணவு நிற்கக் கூடாது. சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் பெரிய அண்டாவை அப்படியே குளிர்பெட்டிக்குள் தூக்கி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அண்டாவின் வெளிப்பக்கம் சில்லென்று இருக்கும், நடுவில் குத்தினால் பல மணி நேரம் கழித்தும் சூடு நிற்கும். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து வைக்கச் சொல்ல வேண்டும். சொல்வதைவிட நடுவில் குத்தி அவர்களையே எண்ணைப் படிக்கச் சொல்வது நல்லது. நான் படித்தால் அது என் கருத்து, அவர்கள் படித்தால் அண்டாவின் கருத்து.

அந்த அண்டா எனக்கு இன்னொரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது. ஒரு விருந்துக்கு அடுத்த நாள் காலை, வயிற்றுவலியும் பேதியுமாக ஆட்கள் மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று படுத்திருந்த ஒவ்வொருவரையும் கேட்டேன். எல்லோரும் வெளியே கடையிலிருந்து வந்த இனிப்பைச் சொன்னார்கள். அத்தனை பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள், வேறென்ன வேண்டும்? கடையை மூடச் சொல்லி நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தேன். மூத்தவர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். போனில் சொன்னேன். ஒரே கேள்வி கேட்டார். "சாப்பிட்டும் ஒண்ணும் ஆகாதவங்களக் கேட்டியா?"

கேட்கவில்லை. நோயாளியைக் கேட்பதுதானே விசாரணை என்று நினைத்திருந்தேன்.

மறுபடி போனேன். இந்தத் தடவை மருத்துவமனைக்குப் போகவில்லை, விருந்துக்கு வந்த மற்றவர்களின் வீடுகளுக்கு. நன்றாக இருந்தவர்களும் இனிப்பைச் சாப்பிட்டிருந்தார்கள். ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டவர்கூட இருந்தார். வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான் படுத்திருந்தார்கள். கடைசிப் பந்திக்கு இறைச்சி முதல் நாள் இரவே சமைத்து வைத்திருந்த பெரிய அண்டாவிலிருந்து வந்திருக்கிறது.

நேரமும் அதையே சொன்னது. ஒரு நோயாளிக்கு ஒரு கட்டம் என்று பென்சிலால் போட்டு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று வரிசையில் அடுக்கினால் ஒரு மேடு வரும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் நச்சு என்று சந்தேகிக்கலாம், சமைப்பவர் கைப்பட்டு வருவது. ஆறு மணி நேரத்திலிருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வயிற்றுவலி, பேதி, ஆனால் காய்ச்சலும் வாந்தியும் அதிகமில்லை என்றால் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமியை நினைக்க வேண்டும். அதன் வித்துகள் சமையல் சூட்டில் சாவதில்லை. பெரிய பாத்திரம் மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். எங்கள் மேடு இரண்டாவது வகை. இனிப்புக் கடைக்காரருக்கு எழுதிய நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. பாதியில் நின்ற நோட்டீஸ். அதைக் கொடுத்திருந்தால் அவர் தொழில் போயிருக்கும், அண்டா அடுத்த விருந்துக்கும் போயிருக்கும்.

நோயில்லாதவர்களைக் கேட்பது ஒன்றும் புதிதில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்து அறுநூறு பேருக்கு மேல் இறந்தபோது டாக்டர் ஜான் ஸ்னோ அதைத்தான் செய்தார். அந்தத் தெருவிலேயே இருந்த பீர் தயாரிக்கும் ஆலையின் தொழிலாளிகளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டார். அவர்கள் தெருப் பம்ப் தண்ணீரைக் குடிக்கவில்லை. அந்தப் பகுதியின் உள்ளூர் வாரியம், முழுக்க நம்பாமலேயே, செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றியது. கதை பெரும்பாலும் இதோடு முடித்துச் சொல்லப்படும். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. ஹென்றி ஒயிட்ஹெட் என்று அதே பகுதியில் ஒரு இளம் பாதிரியார். ஸ்னோ சொன்னதை அவர் நம்பவில்லை. தப்பென்று காட்டுவதற்காகவே வீடு வீடாகப் போனார். சில வீடுகளுக்கு நாலைந்து தடவை. போகப் போக ஸ்னோ சொன்னதுதான் சரி என்று அவருக்கே தெரிந்துவிட்டது. கடைசியில் இறப்புப் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பம்புக்குப் பக்கத்து வீட்டில் இறந்த ஒரு கைக்குழந்தையின் வரி கண்ணில் பட்டது. குழந்தையின் துணி அலசிய தண்ணீர் வீட்டின் கழிவுக் குழியில் ஊற்றப்பட்டிருந்தது. தோண்டிப் பார்த்தால் அந்தக் குழியிலிருந்து கிணற்றுக்குக் கசிவு. கைப்பிடியைக் கழற்றிய அதே நாள்தான் அந்தக் குழந்தையின் அப்பாவுக்கும் காலரா கண்டிருக்கிறது. கழற்றாமல் விட்டிருந்தால் இன்னொரு சுற்று வந்திருக்கும்.

இறப்புப் பதிவேட்டை அலட்சியமாகப் பார்க்கும் புதிய ஆட்களுக்கு இந்தக் கதையை நான் சொல்வது உண்டு. எங்கள் அலுவலகத்தில் அது ஒரு மூலையில் குமாஸ்தா எழுதும் நோட்டு. மாதம் ஒருமுறை நான் அதை வாசிப்பேன், தெருப் பெயரைப் பார்த்துக்கொண்டே.

புகார்கள். இதில் பாதி, உடல்நலம் பற்றியதே இல்லை. பத்து வருஷம் முன்பு நடந்த எல்லைத் தகராறு ஒன்று துர்நாற்றம் என்ற பெயரில் வரும். பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் தண்ணீர் என் வாசலில் ஓடுகிறது என்பார் ஒருவர். என் வீட்டுத் தண்ணீரே இல்லை என்பார் மற்றவர். இதற்குத்தான் பையில் சாயப் பொடி. ஃபுளோரசீன் என்று பெயர், கழிவறையில் போட்டு நாலு வாளி தண்ணீர் ஊற்றினால் பச்சையாக ஒளிரும், எங்கே கசிகிறதோ அங்கே வந்து நிற்கும். ஒருமுறை புகார் கொடுத்தவர் ரொம்பவே வற்புறுத்தியதால் இரண்டு வீட்டிலும் செய்தேன். முதலில் பக்கத்து வீடு. ஒரு மணி நேரம் காத்திருந்தோம், வாசலில் நிறம் வரவில்லை. அப்புறம் புகார் கொடுத்தவர் வீடு. இருபது நிமிஷத்தில் வாசல் பச்சை. தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் என்னிடம் இன்றுவரை பேசுவதில்லை. எந்தப் புகாருக்குப் போனாலும் புகார் கொடுத்தவர் வீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஆனால் கூட்டம் சேராத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும் என்பது அன்று நான் கற்றது.

நாய்க்கடிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், அப்புறம் தாமதிக்காமல் தடுப்பூசி. பதினைந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் தெரியும். போனில் யாராவது சொன்னால், வைக்காமல் பேசிக்கொண்டே அவர்களைக் கழுவ வைப்பேன்.

கொசு என்று வந்தால் ஊரே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். புகை அடி என்பார்கள். வாரியக் கூட்டத்தில் எல்லா உறுப்பினருக்கும் புகைதான் வேண்டும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும், சத்தம் போடும். பறக்கும் கொசுவில் கொஞ்சம் சாகும். தண்ணீரில் இருக்கும் புழுவை அது தொடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். அதனால் ஒரு தெருவில் கொசு என்றால் அந்தத் தெருவிலேயே தண்ணீர் இருக்கிறது. முட்டையைத் தண்ணீரில் போடாது, பாத்திரத்தின் சுவரில் நீர்மட்டத்துக்கு ஒட்டி மேலே ஒட்டவைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்க்க வேண்டும் என்று நான் தொண்டை கிழியச் சொல்வது இதனால்தான்.

ஒரு மழைக்காலம் முழுக்க வீடு வீடாகப் போய் டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கும், அதைப் பார்த்துக் குழந்தைகள் கத்தும். ஒரு வீட்டில் ஒரு பையன் கேட்டான்: "உங்க வீட்ல பாத்தீங்களா ஆன்ட்டி?" சிரித்துவிட்டு வந்தேன். ராத்திரி வீட்டுக்கு வந்து, சும்மா, குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். அடியில் தண்ணீர் சேரும் தட்டு ஒன்று இருக்கிறது, அதை நான் வாங்கிய நாளிலிருந்து வெளியே இழுத்ததில்லை. பத்துப் பன்னிரண்டு புழுக்கள் சாவகாசமாக நெளிந்துகொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் அடுத்த ஒரு மாதம் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. ஆனால் அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் என் வீட்டுத் தட்டுக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். கதவு சீக்கிரம் திறக்கிறது.

நோட்டீஸ் எழுதுவதும் ஒரு வேலைதான், எனக்கு அது கடைசிவரை கஷ்டமாகவே இருந்தது. ஒரு தடவை குழாய் உடைந்தபோது "குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கவும்" என்று ஒட்டினோம். ரெண்டாவது நாள் கடைசித் தெருவுக்குப் போய்க் கேட்டேன், எப்படிக் காய்ச்சுகிறீர்கள் என்று. ஒரு அம்மா, "கை பொறுக்காத சூடு வந்ததும் இறக்கிடுவேன்" என்றார். இன்னொரு வீட்டில் குடிக்கக் காய்ச்சிய தண்ணீர், பல் தேய்க்கவும் ஐஸ் வைக்கவும் பச்சைத் தண்ணீர். அவர்கள் மேல் தப்பில்லை, நாங்கள் குடிக்க என்றுதானே எழுதியிருந்தோம். அன்று மாலையே மாற்றி எழுதினோம்: தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிஷம் அடுப்பில் விடவும், குடிக்க, வாய் கொப்பளிக்க, பல் தேய்க்க, ஐஸ் வைக்க, குழந்தைக்குப் பால் கரைக்க எல்லாவற்றுக்கும் இந்தத் தண்ணீர்தான், நாங்கள் மறுபடி சொல்லும் வரை. ஒட்டுவதற்கு முன் தெருவில் போகிற ஒருவரை நிறுத்தி வாசிக்கச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். அவர் சொல்வது நான் நினைத்ததாக இல்லாவிட்டால் திரும்ப எழுதுவேன்.

தொட்டி ஆபரேட்டர் அண்ணனைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. புதுக் கட்டம் வந்த பிறகு அவர் பதிவேடு அசிங்கமாகிவிட்டது. 0.4, 0.6, ஒரு நாள் "பார்க்கவில்லை, காய்ச்சல்", அடித்துத் திருத்திய ஒரு 0.3, ஈரக் கை பட்டுக் கலங்கிய மை. மாதா மாதம் அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை போன் செய்தார். "மேடம், தொட்டில சரியா இருக்கு. கடைசித் தெருல நிறமே வரல." நான் வருவதற்குள் அவரே அந்தத் தெருவின் வால்வை மூடியிருந்தார். தோண்டிப் பார்த்தோம். சாக்கடைக்கு அடியில் போகும் இடத்தில் குழாயின் இணைப்பு விரல் நுழையும் அளவுக்கு விட்டிருந்தது. ஒட்டிக் கழுவி, குளோரின் விட்டு முடிக்கச் சாயங்காலம் ஆனது. அந்தத் தெருவுக்கு அன்று லாரியில் தண்ணீர் விட்டோம். பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். அந்தத் தேதிக்கு நேரே 0 என்று எழுதி, பக்கத்தில் பொடி எழுத்தில் "ரெண்டு தடவை பார்த்தேன்" என்று எழுதியிருந்தார்.